உடைப்பதற்காகக் கட்டிய இறக்கை

எங்கள் தொழிற்சாலையில் அந்த வருடம் ஒரு விமான இறக்கையை உடைப்பதற்காகவே கட்டினோம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். முப்பது பேர் பதினோரு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த சாமானை, கடைசியில் இரும்புச் சட்டத்தில் பூட்டி, மேல்நோக்கி இழுத்து முறிப்பார்கள். எந்த இடத்தில், எவ்வளவு பாரத்தில் முறிகிறது என்று பார்த்த பிறகுதான் அந்த ரக விமானத்தில் மனிதர்களை ஏற்றலாமா என்று அனுமதி அலுவலகம் முடிவு செய்யும்.

அந்த இறக்கையின் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிகளை அடித்தவர்களில் நான் ஒருவன். அது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டவள் என் அக்கா.

அக்கா பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது வரைபடங்களுக்கு நகல் எடுப்பதுதான் வேலை. மெல்லிய தாளை மேலே போட்டு, கீழே தெரியும் கோட்டின் மேல் கோடு இழுக்க வேண்டும். மூன்று வருடம் அப்படி இழுத்த பிறகு, ஒரு நாள் வரைபடப் பிரிவு மேலாளரிடம் போய், "சார், இந்த மூலையில துளை விளிம்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. பிளந்துடும்னு நினைக்கிறேன்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. அப்புறம் மாலை வகுப்பு, பரீட்சை, கல்யாணம், குழந்தை, மறுபடி பரீட்சை. கணக்குப் பிரிவுக்குள் அவள் நுழைந்தபோது முப்பத்து நான்கு வயது. எந்த எண்ணையும் தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை எழுதாமல் விடமாட்டாள் என்பதால் அவளுக்கு 'மூணு தசமம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இதற்கு மூன்று வருடம் முன்பும் ஓர் இறக்கை கட்டினோம். அதுவும் இதே பத்தொன்பது இருக்கை விமானத்துக்குத்தான். அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பறக்கும் காலம் முழுவதிலும் வரக்கூடிய மிக மோசமான பாரத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், சோதனையில் இறக்கை நூற்றைம்பது வரை தாங்க வேண்டும். அங்கே மூன்று நொடி நிற்க வேண்டும். எங்கள் இறக்கை நூற்றிருபத்தேழில் முறிந்தது. அன்றைக்கே எல்லோருடைய கண்ணும் எங்கள் பட்டறைப் பக்கம் திரும்பியது. "ரிவெட் சரியா அடிக்கலை" என்று யாரோ சொன்னதை யாரும் மறுக்கவில்லை. எழுபது நாள் கழித்து வந்த அறிக்கை, ரிவெட்டில் குற்றமில்லை, மேல்தகடு நெளிந்துதான் முறிந்தது என்றது. ஆனால் அந்த எழுபது நாளும் கேண்டீனில் எங்கள் மேசைக்கு மட்டும் யாரும் வந்து உட்காரவில்லை. அதை நாங்கள் மறக்கவில்லை.

பழைய கணக்குத் தலைவர் விலகிப் போனார். தொழிற்சாலையின் வடிவமைப்புக்கெல்லாம் மேலான 'பெரியவர்', இரண்டாவது இறக்கையின் கணக்கை அக்காவிடம் கொடுத்தார். வேறு யாரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதும் உண்மை.

அன்று அவள் புருஷனோடும் மகளோடும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்கப் பேசினாலும் வீட்டுக்கு வந்து பேச அவளிடம் இன்னும் பாக்கி இருக்கும்.

"என்னடி அது, இறக்கைக்குக் கணக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள்.

அக்கா மகளுடைய பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தாள். "பறக்கும்போது விமானத்தை நாலு விசை இழுக்குதும்மா. எடை கீழ இழுக்கும். இறக்கையில படற காத்து மேல தூக்கும். இஞ்சின் முன்னாடி இழுக்கும். எதிர்காத்து பின்னாடி பிடிச்சு இழுக்கும்."

"நாலு பேர் நாலு பக்கம் இழுத்தா குடும்பம் எப்படிடி நடக்கும்?"

"நாலும் சரிக்குச் சரியா இழுத்தா ஒழுங்கா நடக்கும். அதுக்குப் பேருதான் நேராப் பறக்கறது."

என் மாமா, அதாவது அக்கா புருஷன், தையல்காரர். அதிகம் பேசமாட்டார். "அப்ப நம்ம வீட்டுல இஞ்சின் யாரு?" என்று மட்டும் கேட்டார். அம்மா தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு திருப்தியாகச் சிரித்தாள்.

அக்கா அளவுகோலின் நடுவை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகளிடம் இரண்டு நுனியையும் மேலே தூக்கச் சொன்னாள். கோல் வில் மாதிரி வளைந்தது. "நடுவுல இருக்கறது உடம்பு. ஆளுங்க, பெட்டி எல்லாம் அங்க இருக்கு. அது கீழ இழுக்குது. காத்து இறக்கையை மேல தூக்குது. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது இறக்கைதான். பார், வளைஞ்சதும் அடிப்பக்கம் நீளப் பார்க்குது, மேல்பக்கம் சுருங்கப் பார்க்குது. உலோகம் இழுவையைத் தாங்கிடும்மா. மெல்லிசுத் தகட்டை நெருக்கினாத்தான் ஆபத்து. நெளிஞ்சிடும்."

"நேராப் பறந்தா இவ்வளவு வளையுமா?"

"நேராப் பறந்தா கொஞ்சம்தான். திடீர்னு மேல இழுத்தா, இல்ல கீழேர்ந்து பெரிய காத்து அடிச்சா, அதே விமானம் மூணு மடங்கு எடை ஆன மாதிரி இருக்கும். அந்த எடை பூராவையும் இறக்கைதான் சுமக்கணும்."

அம்மா அளவுகோலைப் பிடுங்கித் தூர வைத்தாள். "புள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேணும். உடைச்சிடாத."

புது இறக்கையின் மேல்தகட்டை முன்பைவிடக் கொஞ்சம் தடிப்பாக்கியிருந்தார்கள். அது போதும் என்று எல்லோரும் நம்பினார்கள். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போதாது என்றாள். இறக்கைக்குள் குறுக்கே வரிசையாக நிற்கும் தகடுகளை நாங்கள் ரிப் என்போம். உடம்பிலிருந்து நுனி வரை ஒன்று, இரண்டு என்று எண். ஒன்பதாவது ரிப்புக்கும் பத்தாவதுக்கும் நடுவே மேல்தகடு நூற்று நாற்பத்து மூன்றிலேயே நெளிந்துவிடும் என்பது அவள் கணக்கு. உள்பக்கமாக இரண்டு முட்டுப்பட்டை வைத்தால் சரியாகிவிடும். ஓர் இறக்கைக்கு நானூறு கிராம், இரண்டுக்கும் எண்ணூறு.

எண்ணூறு கிராம்தானே என்று நாம் நினைப்போம். எடைப் பிரிவு அதிகாரியிடம் போய் அப்படிச் சொல்ல முடியாது. ஒல்லியான மனிதர், 'தராசு' என்று பெயர். புதிதாக வந்த இருக்கைத் துணியின் சாயம் எவ்வளவு எடை என்று கேட்டவர்.

"ஒரு கிராம் கூடினா அதைத் தூக்க இறக்கை இன்னும் கொஞ்சம் உழைக்கணும். இறக்கை உழைச்சா எதிர்காத்து கூடும். அதைத் தள்ள இஞ்சின் கூடத் தள்ளணும். அதுக்கு எரிபொருள் வேணும். எரிபொருளுக்கு எடை இல்லையா? ஆளாளுக்கு வந்து எண்ணூறு, எண்ணூறுன்னு கேட்டா இது பறக்காதும்மா, உருளும்" என்றார் கூட்டத்தில். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அக்கா கைப்பையிலிருந்து காலியான குளிர்பான டின் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாளாம். பிறகு இதைப் பற்றித் தொழிற்சாலை முழுக்கப் பேசினார்கள். ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டது இவ்வளவு: "சார், இது மேல ஒரு கால்ல ஏறி நில்லுங்க" என்றாள். தராசு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். காகிதம் மாதிரித் தகடு, ஒரு ஆளை அப்படியே தாங்கியது.

"பார்த்தியா? மெல்லிசுதான் பலம்" என்றார் மேலிருந்து.

அக்கா குனிந்து இரண்டு பென்சில் முனையால் டின்னின் இரண்டு பக்கத்தையும் லேசாகத் தொட்டாள். அவ்வளவுதான். டின் சப்பையாகி, தராசு அரைச் சாண் கீழே இறங்கி நின்றார்.

"தாங்கிக்கிட்டே இருக்கும் சார். ஒரு சின்ன நெளிவு வந்தா உடனே போயிடும். பறக்கும்போது பென்சில் யாரு வேணும்னாலும் வைப்பாங்க."

பெரியவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தராசுக்குக் கோபம். ஆனால் நேர்மையான கோபம். "சரி, வச்சுக்க. ஆனா அந்த எண்ணூறை இறக்கைக்குள்ளேயே வேற எங்கேர்ந்தாவது எனக்குத் திருப்பிக் கொடுக்கணும்" என்றார்.

மறுநாள் காலை அக்கா பட்டறைக்கு வந்தாள். கணக்குப் பிரிவிலிருந்து யாரும் படியிறங்கி வருவது வழக்கமில்லை. காது மூடியை மாட்டிக்கொண்டு எங்கள் சத்தத்துக்கு நடுவே நின்றாள்.

"டேய், இந்த இறக்கைக்குள்ள எங்க தேவையில்லாம தடிப்பு இருக்கு? வரைபடம் பார்த்துச் சொல்லாத. கையால தொட்டவன் நீ, நீ சொல்லு."

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நுனிப்பக்கம், விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் மடலை ஆட்டும் கம்பி போகும் வழியில், ஓர் இறக்கைக்குப் பதினான்கு தாங்கிகள் உண்டு. உள்ளங்கை அளவு சாமான். அதன் கால் தடிப்பாக இருக்கும். அந்த இடத்தில் உட்காராது. ஒவ்வொரு தடவையும் அரத்தால் ராவித்தான் மாட்டுவோம். ராவும்போதெல்லாம் விதிப்படி ஒரு சீட்டு எழுதி, ஒப்புதல் வாங்கி, வரைபடப் பிரிவுக்கு அனுப்புவோம்.

"எத்தனை சீட்டு?"

"முதல் இறக்கையிலேர்ந்து கணக்குப் பண்ணா இருநூறு தாண்டும்."

"யாராவது பதில் போட்டாங்களா?"

"பதிலா? நீ சும்மா இரு" என்றேன்.

அவள் அந்தச் சீட்டுக் கட்டைத் தேடி எடுத்துவிட்டாள். ஒரு அலமாரியில், நாடா கூட அவிழ்க்காமல் கிடந்ததாம். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்தாள். தாங்கியின் காலில் எவ்வளவு பாரம் வருகிறது என்று கணக்குப் போட்டு, வரைபடத்தைத் திருத்தி, எங்கள் முன்னாலேயே பழையதையும் புதியதையும் தராசின் தராசில் வைத்தாள். ஒன்றுக்கு முப்பத்தொரு கிராம் குறைந்தது. இருபத்தெட்டுக்கு எண்ணூற்று அறுபத்தெட்டு.

"மிச்சம் அறுபத்தெட்டு என்னோடது" என்றார் தராசு, சிரிக்காமல். ஆனால் போகும்போது, "இந்தச் சீட்டெல்லாம் எழுதினது யாரு?" என்று கேட்டார். எங்களில் நான்கு பேர் கை தூக்கினோம். ஒவ்வொருவரிடமும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். கைகொடுக்கும் வழக்கமே இல்லாத மனிதர்.

முட்டுப்பட்டைகளை நானும் என் கூட்டாளியும் அடித்தோம். ஒருவன் வெளியே ரிவெட் துப்பாக்கி பிடிப்பான், இன்னொருவன் உள்ளே கையை விட்டு இரும்புக்கட்டையை அண்டக் கொடுப்பான். இடம் குறுகல், முழங்கை வரை சிராய்ப்பு. ஒவ்வொரு ரிவெட்டின் தலையையும் விரலால் தடவிப் பார்த்தோம். இந்தத் தடவை யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பதுதான் எண்ணம்.

சோதனை நாள் காலை ஒன்பது மணி. சோதனைக் கூடத்தில் பெரிய இரும்புச் சட்டம். அதற்குள் இறக்கை படுத்திருந்தது. மேல்பரப்பு முழுக்க ரப்பர் வைத்து ஒட்டிய அட்டைகள். அவற்றிலிருந்து பட்டைகள், பட்டைகளைச் சேர்க்கும் நெம்புகோல்கள், மேலே எண்ணெய் அழுத்தத்தில் இழுக்கும் உருளைகள். காற்று செய்ய வேண்டிய வேலையை அவை செய்யும். நாங்கள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையில் சோதனைத் தலைவர், பெரியவர், தராசு, அனுமதி அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர், அக்கா. சோதனைத் தலைவர் ஒரு நாளும் படையில் இருந்ததில்லை. ஆனாலும் 'கமாண்டர்' என்றுதான் பெயர்.

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் எண்களைச் சொல்ல ஆரம்பித்தது. இருபது. நாற்பது. இறக்கையின் நுனி மெல்ல எழும்பியது. அறுபது. எண்பது. முனகல் சத்தம். நூறு. நுனி இப்போது தரையிலிருந்து என் தலை உயரத்துக்கு வந்துவிட்டது. நூற்றிப் பத்தில் மேல்தகட்டில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன, சட்டையைக் கிள்ளிப் பிடித்த மாதிரி. அது எதிர்பார்த்ததுதான். நூற்றிருபத்தேழு என்று அக்கா சொன்னபோது எங்கள் வரிசையில் யாரும் மூச்சுவிடவில்லை. நூற்றிருபத்தெட்டு என்றதும் என் கூட்டாளி என் தோளை அழுத்தினான்.

நூற்று முப்பத்தெட்டில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

கூடத்தின் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கமாண்டரின் கை சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். அதை அழுத்தினால் எல்லாப் பாரமும் இறங்கிவிடும், சோதனை தோல்வி என்று எழுதிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து.

"கை வைக்காதீங்க!"

அக்கா. ஒலிவாங்கி அணையாமல் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் கத்தி நான் கேட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"ஏதோ போயிடுச்சும்மா. சத்தம் கேட்கலையா?" என்றார் கமாண்டர். "அடிப்பகுதியிலேர்ந்துதான் வந்தது. ரிவெட் வரிசை அறுந்திருக்கும்."

அடிப்பகுதி என்றால் நாங்கள் அடித்த வரிசை. கூடத்தில் இருந்த ஐம்பது அறுபது பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று வருடம் முன்பு பார்த்த அதே பார்வை.

"பாரத்தை இப்படியே பிடிச்சு வைங்க சார். ஏத்த வேண்டாம், இறக்கவும் வேண்டாம். நாலு நிமிஷம் கொடுங்க" என்றாள் அக்கா. இறக்கையில் இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் தகடு எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் மெல்லிய உணரிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் எண்ணும் அவள் முன்னால் திரையில். விரலை வைத்து ஒன்று ஒன்றாகக் கீழே இறங்கினாள். ஒரு இடம் அறுந்திருந்தால் அது சுமந்த பாரம் பக்கத்து இடத்துக்குத் தாவும். பக்கத்து எண் குதிக்கும்.

பிறகு ஒலிபெருக்கியில் சொன்னாள். எங்களுக்காகத்தான் சொன்னாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அடிப்பகுதியில எந்த எண்ணும் குதிக்கலை. ரிவெட் ஒண்ணுகூட அறலை." கொஞ்சம் நிறுத்தி, "அதை அடிச்சவங்க யாருன்னும் எனக்குத் தெரியும்" என்றாள்.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து? பாரம் ஏறிய இறக்கைக்குக் கிட்டே யாரும் போகக் கூடாது. என் மேஸ்திரி தொலைநோக்கியை என்னிடம் நீட்டினார். சட்டத்தை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பதினான்காவது பட்டைக்கு மேலே, நெம்புகோலுக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்திருந்த மரக்கட்டையின் ஓரம் பிளந்து ஒரு சிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவர்த் தொலைபேசியை எடுத்தேன்.

"அக்கா—"

"வேலை நேரத்துல அக்கா கிடையாது. எத்தனாம் நம்பர்?"

"பதினாலு. மரக்கட்டை. ஓரம் பிளந்திருக்கு. பட்டை நகரலை, நெம்புகோல் சாயலை."

"இறக்கையில ஏதாவது?"

"இல்ல."

அவள் ஆய்வாளரிடம் திரும்பினாள். அவர் மென்மையாகப் பேசுகிறவர். "தொடர்ந்தா முறியாதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"நூத்தம்பது வரைக்கும் முறியாது சார்."

"உறுதியா?"

"எண்ணு சொல்லுது. எழுதித் தர்றேன்."

எழுதினாள். மூன்றே வரி. கமாண்டர் அதை வாங்கிப் படித்து, பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அதைப் பார்த்துவிட்டுத் தராசும் பேனாவை எடுத்தார். "உங்க கையெழுத்துத் தேவையில்லையே" என்றாராம் கமாண்டர். "இருக்கட்டும். காகிதம் ஒண்ணும் கனக்காது" என்றாராம் தராசு.

நூற்று நாற்பது. நூற்று நாற்பத்து மூன்று. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே தகடு அப்படியே நின்றது. நூற்று நாற்பத்தெட்டு. இறக்கை இப்போது வில்லாக வளைந்து மேலே ஏறியிருந்தது. இதற்குமேல் ஒரு உலோகத்தால் முடியாது என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும். நூற்றைம்பது.

ஆய்வாளர் கையில் நிறுத்தற்கடிகாரம். ஒன்று. இரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று.

கூடத்தில் எழுந்த சத்தத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரி, ஐம்பத்தெட்டு வயது மனிதர், தொப்பியைத் தூக்கிப் போட்டு, அது எங்கோ சட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது. வர்ணப் பிரிவு ஆட்கள், மூன்று வருடம் முன்பு எங்கள் மேசைப் பக்கம் வராதவர்கள், வந்து கட்டிப்பிடித்தார்கள். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் முடியவில்லை. நூற்றைம்பதைத் தாண்டினால் தேர்ச்சிதான்; ஆனால் எங்கே முறிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வாளர் அக்காவைக் கேட்டார். "பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல, நூத்தைம்பத்தஞ்சு கிட்ட" என்றாள். பாரம் ஏறியது. நூற்றைம்பத்தாறைத் தாண்டிய பிறகு இறக்கை ஒரு இடி மாதிரி முறிந்து, நுனி மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. புழுதி அடங்கியதும் ஒலிபெருக்கியில் அவள் குரல்: "நூத்தி ஐம்பத்தேழு புள்ளி ரெண்டு ஒண்ணு எட்டு." கூடம் முழுக்க ஒரே குரலில் "மூணு தசமம்!" என்று கத்தியது.

அவள் இறங்கி வந்தாள். எல்லோரும் வழிவிட்டார்கள். பெரியவர் கை நீட்டினார், அவள் கவனிக்கவில்லை. நேராக முறிந்த இடத்துக்குப் போய், கிழிந்த தகட்டுக்குள் தெரிந்த ரிப்புகளை விரலால் தொட்டு எண்ணினாள். முகம் சுண்டிப் போயிற்று.

"பன்னெண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுல முறிஞ்சிருக்குடா" என்றாள் என்னிடம். "ஒரு ரிப் தள்ளிப் போயிடுச்சு."

அத்தனை பேரும் அவளுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பரீட்சையில் ஒரு மார்க் குறைந்த பிள்ளை மாதிரி நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, திரும்பி அவங்களைப் பாரு. கணக்கை நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். அப்போதுதான் திரும்பினாள். கூட்டத்தைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், என் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். ரிவெட் அடித்துக் காய்த்துப்போன கை. கைதட்டல் இன்னும் பெரிதாயிற்று.

அன்று சாயங்காலம் மாமாவிடம் அந்த ஒரு ரிப் கதையைப் புலம்பினாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உள்ள வச்சிருக்கிற பட்டை எல்லாம் எந்த இடத்துல முடியுது?" என்று கேட்டார்.

"ஏற்கெனவே இருந்த ஒண்ணு பன்னெண்டுல முடியும்."

"தையல் முடியற இடத்துலதானே துணி கிழியும்."

அக்கா உடனே பென்சிலை எடுத்தாள். மறுநாள் அறிக்கையில் அதே விஷயத்தை நாலு பக்கத்துக்கு எழுதினாள். பட்டையின் முனையைச் சட்டென்று வெட்டாமல் சரிவாகச் சீவி முடிக்க வேண்டும் என்று வரைபடம் மாறியது. மாமா கடையில் துணி தைக்க வருகிறவர்களிடம், "விமானத்துக்கு நான்தான் யோசனை சொன்னேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார், பாதிப்பேர் நம்புவதில்லை.

இரண்டு மாதத்தில் அவளைக் கணக்குப் பிரிவின் தலைவராக்கினார்கள். பட்டறையிலிருந்து வரும் சீட்டுகளை ஏழு நாளுக்குள் படித்துப் பதில் எழுத வேண்டும் என்பது அவள் போட்ட முதல் உத்தரவு. எனக்குத் தனிச்சலுகை ஒன்றும் கிடையாது. என் சீட்டில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததற்குத் திருப்பி அனுப்பினாள்.

விமானத்துக்காக அதே மாதிரி இரண்டு இறக்கைகளை எங்கள் பட்டறையில் புதிதாகக் கட்டினோம்; அது முதன்முதலாகப் பறந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. வேலிக்கு இந்தப் பக்கம் குடும்பங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். வெயில் ஏறாத காலை. அம்மா ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. எரிபொருள் நிரம்பிய கனத்தில் இறக்கைகள் கொஞ்சம் கீழே தொய்ந்திருந்தன. இஞ்சின் சத்தம் ஏறியது. ஓட ஆரம்பித்தது.

"நுனியைப் பாருடா" என்றாள் அக்கா. "சக்கரத்தைப் பார்க்காத. நுனியைப் பாரு."

பார்த்தேன். வேகம் கூடக் கூட, சக்கரங்கள் இன்னும் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொய்ந்திருந்த நுனிகள் மெல்ல நிமிர்ந்தன. ஒரு சாண். அப்புறம் இன்னும் கொஞ்சம். சக்கரங்கள் சுமந்த பாரத்தை இறக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தன. நான் அடித்த ஒவ்வொரு ரிவெட்டும் அந்த நொடியில் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது என் உடம்பு சிலிர்த்தது. பிறகு சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. தெரிந்த கோடு அகலமாயிற்று. விமானம் எங்கள் தலைக்கு மேலே போனது.

அக்கா அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது, ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

அம்மாதான் சும்மா இருக்க முடியாமல், பக்கத்தில் கழுத்தில் கேமராவோடு நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் கையைத் தட்டினாள். அவர் திரும்பினார்.

"அந்த இறக்கை தெரியுதுங்களா?" என்றாள், மேலே கைகாட்டி. "கணக்கு என் பொண்ணோடது. கைவேலை என் பையனோடது."

அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு இறக்கையுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றாள் அம்மா.